கோடு கிழித்தவர் யார்?

‘தகுதி’ என்பது மூன்றே எழுத்துச் சொல். ஆனால் அந்த மூன்றெழுத்துக்கு அடியில் புதைந்து கிடக்கும் கனவுகளை எண்ணி முடிக்க எவராலும் இயலாது. ஆண்டுதோறும் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நம் மூலக்குளத்துத் தெருக்களில் நடந்து பாருங்கள். “எத்தனை மார்க்?” என்பது வாசல்தோறும் கேட்கும் முதற்கேள்வி. “கட்-ஆஃப் எவ்வளவு வரும்?” என்பது இரண்டாவது. “இடம் கிடைக்குமா?” என்பது மூன்றாவது. நாலாவது கேள்வி ஒன்று உண்டு. அதை மட்டும் எவரும் கேட்பதில்லை. அந்தக் கோட்டைக் கிழித்தவர் யார்? எந்த அளவுகோலை வைத்துக் கிழித்தார்? யாருக்காகக் கிழித்தார்?

அந்த நாலாவது கேள்வியைத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் முன் வைக்கிறோம்.

கல்லூரி வாசலில் ஒரு கோடு. கோட்டுக்கு அப்பால் இருப்பவன் அறிவாளி. இப்பால் நிற்பவன் அறிவிலி! இப்படித்தான் நமக்குச் சொல்லப்படுகிறது. மலையைப் போல், கடலைப் போல் அது இயற்கை வகுத்த எல்லை என்று நம்பும்படி நம் பிள்ளைகள் பழக்கப்படுத்தப்பட்டுவிட்டார்கள். தோழர்களே, அது கோப்பில் எழுதப்படும் கோடு! ஒரு கையெழுத்தில் மேலே ஏறும்; இன்னொரு கையெழுத்தில் கீழே இறங்கும். எவருக்காக ஏறுகிறது, எவருக்காக இறங்குகிறது என்பதிலேதான் சூட்சுமம் இருக்கிறது.

சான்று வேண்டுமா? தருகிறோம்.

மருத்துவ மேற்படிப்பில் சேர, பட்டம் பெற்ற டாக்டர்கள் எழுதும் நீட் தேர்வு ஒன்று உண்டு. அதில் பொதுப் பிரிவினர்க்கு 50 பெர்சென்டைல், ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு 40 பெர்சென்டைல் என்பது வகுத்த விதி. 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அந்த விதி என்ன ஆயிற்று? எல்லாப் பிரிவினர்க்கும் எல்லைக்கோடு பூஜ்யம் என்று அறிவிக்கப்பட்டது. ஆம், பூஜ்யம்! தேர்வுக் கூடத்தில் அமர்ந்து எழுதியிருந்தால் போதும், அவர் தகுதியுடையவர். காரணம், இடங்கள் நிரம்பாமல் கிடந்தன. மேற்படிப்பு இடம் ஒன்றும் வீணாகக் கூடாது என்பதில் நமக்கு மாறுபாடில்லை. நாம் கேட்பது வேறு. இடம் காலியாகக் கிடந்தால் பூஜ்யம் வரை இறங்கத் தெரிந்த அந்தக் கோடு, ஏழையின் குடிசைக்கு முன்னால் மட்டும் இறங்க மறுப்பதேன்? “தகுதியில் தளர்வா? தரம் கெட்டுவிடுமே!” என்று அலறும் ஏடுகள், அந்தச் செப்டம்பரில் தொண்டை கட்டிக்கொண்டு கிடந்ததேன்?

இன்னொரு கணக்கையும் பாருங்கள். பெர்சென்டைல் என்றால் நூற்றுக்கு இத்தனை மார்க் என்று நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படியன்று. 50 பெர்சென்டைல் என்றால், தேர்வெழுதியவர்களில் பாதிப் பேருக்கு மேலே நிற்கிறார் என்பதே பொருள். எழுதிய கூட்டம் சறுக்கினால் கோடும் சறுக்கும். 2022-ல் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கான நீட் தேர்வில் மொத்த மார்க் 720. பொதுப் பிரிவுக்குத் தகுதிக்கோடு எங்கே நின்றது தெரியுமா? 117-ல்! பிற்பட்டோர்க்கும் ஆதிதிராவிடர்க்கும் பழங்குடியினர்க்கும் 93-ல். 720-க்கு 117 என்பது நூற்றுக்குப் பதினாறேகால். பள்ளிக்கூடத்தில் பதினாறு மார்க் வாங்கிய பையனைப் ‘பெயில்’ என்று பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்துவார்கள். நீட் ராஜ்யத்தில் அவன் ‘தகுதி’ பெற்றவன். அப்பன் மடி கனமாக இருந்தால், லட்சங்களைக் கொட்டி, தனியார் கல்லூரியில் எஞ்சிய இடத்தில் அமரலாம்.

இப்போது நம் மூலக்குளத்தில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தகப்பன் கட்டட வேலைக்குப் போகிறவர். தாய் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர். மகள் அரசுப் பள்ளியில் படித்து, கோச்சிங் வாசலை மிதிக்காமல், 117-ஐப் போல் மூன்று மடங்கு, 351 மார்க் வாங்கினாள் என்று வையுங்கள். அரசுக் கல்லூரியின் வரிசை அவளுக்கு முன்பே முடிந்துவிட்டது என்றும் வையுங்கள். அவள் வீட்டுக்குப் போக வேண்டும். 117 வாங்கிய செல்வச் சீமான் வீட்டுப் பிள்ளையோ வெள்ளை அங்கி தைக்க அளவு கொடுக்கலாம். கனம் மூளையிலா, மடியிலா? இந்த ஏற்பாட்டுக்குத்தான் ‘தகுதி’ என்று திருநாமம் சூட்டியிருக்கிறார்கள்.

வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பும் வழக்கம் நம் ஊருக்குப் புதிதன்று. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1873-ல், பொன்னுத்தம்பி பிள்ளை என்னும் வழக்கறிஞர் ஐரோப்பியரைப் போல் காலுறையும் பூட்சும் அணிந்து புதுவை நீதிமன்றம் புகுந்தார். சட்டம் கற்றவர், வாதாடும் உரிமை உடையவர். ஆயினும் பூட்ஸ் அணிந்த குற்றத்துக்காக நீதிபதி அவரைத் தடுத்தார். பொன்னுத்தம்பி அடங்கிப் போகவில்லை. வழக்கு பாரிஸ் வரை சென்றது. அங்கிருந்த உச்ச மன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. பின்னாளில் அவர் ஏற்றுக்கொண்ட பெயர் ‘லப்போர்த்’. பிரெஞ்சு மொழியில் அதற்கு ‘வாசற்கதவு’ என்று பொருள். அன்று காலைப் பார்த்துத் தடுத்தார்கள். இன்று மார்க்கைப் பார்த்துத் தடுக்கிறார்கள். தடுக்கப்படுகிறவன் அன்றும் நம்மவன், இன்றும் நம்மவன்.

அண்டையிலிருந்த சென்னை மாகாணத்தின் கதையும் இதுதான். நீதிக்கட்சி ஆட்சியில், பனகல் அரசர் முதல்வராக இருந்தபோது, கல்லூரிகளில் மாணவரைத் தேர்ந்தெடுக்கக் குழுக்கள் அமைக்கப்பட்டன. பின்னர் வகுப்புவாரி ஆணை வந்தது. 1947-ன் ஏற்பாட்டின்படி ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, ஆதிதிராவிடர்க்கு 2, ஆங்கிலோ-இந்தியர்க்கும் இந்தியக் கிறித்தவர்க்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. எல்லார்க்கும் பந்தியில் இலை விரித்த அந்த ஆணையை எதிர்த்து வழக்கு வந்தது. மருத்துவக் கல்லூரியில் இடம் கோரி வழக்குத் தொடுத்த செண்பகம் துரைராசன், தாம் கல்லூரிக்கு விண்ணப்பித்ததாகக்கூடச் சொல்லவில்லை. ஆயினும் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணை செல்லாது என்றது. தமிழகம் கொதித்தது. பெரியார் களம் புகுந்தார். அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து ஒன்றரை ஆண்டும் முடியாத நிலையில், 1951 சூனில், முதல் திருத்தம் பிறந்தது. 15-ஆம் பிரிவில் 4-ஆம் உட்பிரிவு சேர்ந்தது. கோட்டை அழிக்க முடியும் என்பதற்கு வரலாறு தந்த முதற்சாட்சி அது.

இன்னொரு சாட்சி அதே உச்ச நீதிமன்றத்திலிருந்தே வந்தது. 2022 சனவரியில், மருத்துவ அகில இந்தியத் தொகுப்பு இடங்களில் பிற்பட்டோர்க்கு 27 விழுக்காடு ஒதுக்கியது செல்லும் என்று தீர்ப்பளித்த நீதிபதிகள், போட்டித் தேர்வில் ஒருவர் வாங்கும் மார்க்கை மட்டும் வைத்துத் தகுதியை அளந்துவிட முடியாது என்ற கருத்தையும் எழுதி வைத்தார்கள். குடும்பத்தின் செல்வமும் சூழலும் மார்க்கில் ஒளிந்திருக்கின்றன என்பதை ஒப்புக்கொண்டார்கள். நம் தலைவர்கள் மேடையில் பேசியதை நீதிமன்றம் ஏட்டில் எழுத எழுபது ஆண்டுகள் ஆயின!

“அதெல்லாம் சரி. மார்க் குறைந்தவர் டாக்டரானால் நோயாளி பிழைப்பானா?” என்று கேட்கிறார்கள் மேதாவிகள். கேட்கட்டும், விடை இருக்கிறது. கல்லூரிக்குள் நுழையும் வாசல் வேறு. வெளியே வரும் வாசல் வேறு. உள்ளே நுழைந்தவர் எவராயினும், ஒரே உடற்கூற்றியல், ஒரே மருந்தியல், ஒரே அறுவைப் பாடம். ஒரே பல்கலைக்கழகத் தேர்வில் தேறினால்தான் பட்டம். தமிழ்நாட்டில் 1984-ல் நுழைவுத் தேர்வு வந்தது. 2006-ல் இயற்றிய சட்டம் அதை ஒழித்தது. அதன் பிறகு 2016 வரை பிளஸ் டூ மார்க்கை வைத்தே மருத்துவக் கல்லூரிகள் அரசு இடங்களை நிரப்பின. அப்படிச் சேர்ந்து படித்தவர்கள்தாம் 2020-லும் 2021-லும் கொரோனா வார்டுகளில் இரவு பகலாக நின்றார்கள். மூச்சுத் திணறிக் கிடந்தவர், எதிரே வந்த டாக்டரிடம் “நீங்கள் நுழைவுத் தேர்வு எழுதியவரா?” என்றா கேட்டார்?

பிளஸ் டூ மார்க் ஒன்றே பொன்னான அளவுகோல் என்று நாம் சொல்லவில்லை. அந்தக் காலத்திலும், விடாமல் மனப்பாடம் செய்வித்த தங்கும் பள்ளிகள் இடங்களை அள்ளிச் சென்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மிகச் சிலரே நுழைந்தார்கள். அதை மறைத்துப் பேசினால் நம் வாதம் நொண்டும். ஆனால் நோய்க்கு மருந்தென்று கொண்டுவந்த நீட், நோயை இரட்டிப்பாக்கியது. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு தமிழக அரசுக்கு 2021-ல் தந்த அறிக்கையைப் பாருங்கள். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களில், ஓராண்டோ ஈராண்டோ வீட்டிலிருந்து மறுபடி எழுதி வந்தவர்களின் பங்கு, நீட்டுக்கு முன் 2016-17-ல் 12 விழுக்காட்டளவு. 2020-21-ல் அது 71 விழுக்காட்டைத் தாண்டியது. இதன் பொருள் என்ன? மகனை ஓராண்டு சும்மா வைத்துச் சோறு போட்டு, கோச்சிங் கட்டணமும் கட்ட வல்ல குடும்பத்துக்கே வாசல் திறக்கிறது. கூலி வேலை செய்யும் தகப்பன் எங்கிருந்து இரண்டாம் ஆண்டைக் கொண்டுவருவான்?

அளவுகோலாவது நேர்மையானதா? 2018-ல் நீட் வினாத்தாளின் தமிழ் வடிவத்தில் 49 வினாக்களில் பிழை இருப்பதாக வழக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழில் எழுதியவர்களுக்கு 196 மார்க் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை முதலில் நிறுத்தி வைத்தது, பின்னர் நீக்கியது. தமிழில் படித்தவன் தன் மொழிக்கே அபராதம் கட்டினான். 2024-ல் முதலில் வெளியிட்ட முடிவில் 67 பேர் 720-க்கு 720 வாங்கியிருந்தார்கள். 1,563 பேருக்குக் கருணை மார்க் போட்டதும், பிறகு அதைப் பிடுங்கிக்கொண்டு மறுதேர்வுக்கு அழைத்ததும் உலகறிந்த சேதி. வினாத்தாள் கசிந்ததை உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது; தேர்வு முழுவதையும் நீக்கும் அளவுக்குக் கேடு பரவவில்லை என்று மட்டும் சொல்லிற்று. கசிந்த தாளுக்குக் கருணை உண்டு. கண்ணீர் கசிந்த வீட்டுக்கு இல்லை!

1,200-க்கு 1,176 மார்க் வாங்கிய மூட்டைத் தொழிலாளியின் மகள், அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதா, 2017 செப்டம்பர் முதல் நாள் நம்மை விட்டுப் போனாள். அந்தப் பெயரை உச்சரிக்கும்போதெல்லாம் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வோம். எந்தக் கோடும் உங்கள் உயிரை விடப் பெரிதன்று. கோட்டை அழிக்க நீங்கள் இருந்தாக வேண்டும்.

இனி நம் புதுவைக்கு வருவோம்.

கோரிமேட்டில் ஜிப்மர் நிற்கிறது. 1823-ல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியைத் தன் மூலமாக அது சொல்லிக்கொள்கிறது. கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி நிற்கிறது. இரண்டும் மூலக்குளத்துப் பிள்ளை சைக்கிள் மிதித்துப் போய்வரும் தொலைவுதான். சைக்கிளுக்கு எட்டும் கல்லூரி, கூலிக்காரன் மகளுக்கு எட்டவில்லை! தனியே தேர்வு நடத்தி வந்த ஜிப்மரும் 2020 முதல் நீட்டுக்குள் அடங்கிற்று. காலாப்பட்டுப் பல்கலைக்கழகமோ 2022-ல் க்யூட் என்னும் அகில இந்தியத் தேர்வுக்கு மாறிற்று. வாசல்கள் பல, சாவி மட்டும் டில்லியில்.

அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவத்தில் ஒதுக்கீடு வேண்டும் என்ற குரல் 2020-ல் எழுந்தது. தமிழகம் அந்த ஆண்டே ஏழரை விழுக்காட்டைச் சட்டமாக்கியது. ஆளுநர் காலம் கடத்தியபோது, மாநில அரசு தன் ஆணையையே பிறப்பித்தது. மறுநாள் ஆளுநரின் ஒப்புதலும் வந்தது. அதே 2020-ல் நம் புதுவை அமைச்சரவையும் பத்து விழுக்காடு என்று முடிவு செய்தது. நடந்தது என்ன? துணைநிலை ஆளுநர் கோப்பை டில்லிக்கு அனுப்பினார். 2020 போயிற்று, 2021 போயிற்று, 2022-ம் போயிற்று. ஆட்சி மாறி, இன்னோர் அமைச்சரவை மீண்டும் கேட்டு, 2023-ல்தான் உள்துறை இசைவு தந்தது. தமிழகத்தில் சில வாரங்களில் தீர்ந்தது, இங்கே மூன்று சேர்க்கைகளை விழுங்கிற்று. அந்த மூன்று ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் செய்த குற்றம் என்ன? புதுவையில் பிறந்த குற்றமா?

ஆழ்ந்து பாருங்கள், தோழர்களே! ‘தகுதி இல்லை’ என்ற முத்திரை நம் பிள்ளைகள் நெற்றியில் மட்டும் இல்லை; புதுவையின் நெற்றியிலேயே குத்தப்பட்டிருக்கிறது. 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைந்தோம். 1963-ன் சட்டம் நமக்குச் சட்டமன்றம் தந்தது. ஆனால் மாநிலத் தகுதி வேண்டும் என்று அந்தச் சட்டமன்றம் எத்தனை முறை தீர்மானம் போட்டும் டில்லியின் விடை ஒன்றே: தகுதி தரப்படவில்லை! தகுதியில்லாதது என்று ஒதுக்கப்பட்ட ஊரில், எவர் தகுதியுடையவர் என்பதை வேறெங்கோ இருப்பவர் முடிவு செய்கிறார். இரண்டு கோடுகளையும் கிழித்த கை ஒன்றே.

மாநிலமாக இருந்தால் மட்டும் எல்லாம் கைகூடிவிடுமா என்று கேட்கலாம். தமிழகச் சட்டமன்றம் 2021 செப்டம்பரில் நீட் விலக்கு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றியது. கடைசியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025-ல் சேதி வந்தது. மாநிலத்துக்கே இந்தக் கதி என்றால், மாநிலமாகாத நமக்குப் போராட்டம் இரட்டைச் சுமை. ஆகவேதான் இரு கோரிக்கைகளையும் ஒரே கொடியின் கீழ் எழுப்ப வேண்டும்.

வேறு வழி உலகத்தில் இல்லையா? உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1997-ல் ஒரு சட்டம் செய்தது. எந்த உயர்நிலைப் பள்ளியாயினும், குக்கிராமமோ கோடீசுவரர் பேட்டையோ, அந்தந்தப் பள்ளியில் முதல் பத்து விழுக்காட்டில் தேறியவர்க்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் என்றது. ஏழைப் பள்ளியின் முதல் மாணவனைச் செல்வப் பள்ளியின் ஐம்பதாவது மாணவனோடு ஓட விடாதே. அவனவன் தரையில் அவனவன் எவ்வளவு உயர்ந்தான் என்று பார் என்பதுதான் அதன் உட்பொருள். முதலாளிகளின் தாயகம் என்கிறோமே, அங்கேயே இந்த நியாயம் விளங்கியிருக்கிறது. நம்மூர் மேதாவிகளுக்கு மட்டும் விளங்கவில்லை.

நாம் கேட்பவை மூன்று.

அமைச்சரவை முடிவாகவும் டில்லியின் இசைவாகவும் நிற்கும் பத்து விழுக்காடு, புதுவைச் சட்டமன்றத்தில் சட்டமாக வேண்டும். இசைவாக வந்தது இன்னொரு நாள் இசைவின்றிப் போகலாம். சட்டமாக வந்ததை அசைப்பது கடினம்.

தனியார் மருத்துவக் கல்லூரிகளில் பாதி இடங்கள் அரசுக் கட்டணத்தில் புதுவை மாணவர்க்கு வேண்டும். பாதி இடங்களுக்கு அரசுக் கல்லூரிக் கட்டணமே என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-ல் வழிகாட்டியது. வழிகாட்டியவர் கைகாட்டிவிட்டு நின்றார். நடக்க வேண்டியவர் நடக்கவில்லை.

மூன்றாவது, கோடு கிழிக்கும் உரிமை. எந்தப் பள்ளி, எந்த மொழி, எந்தக் குடும்பச் சூழல் என்பதையும் சேர்த்து அளக்கும் அளவுகோலை வகுக்கும் அதிகாரம், நம் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்துக்கு வேண்டும். அதற்கு மாநிலத் தகுதி வேண்டும்.

கேட்பது ஒருபுறம் இருக்க, செய்ய வேண்டியதும் உண்டு. ஒதுக்கீடு இருந்தும், குடியிருப்புச் சான்று கிடைக்காமல், சாதிச் சான்று நாளாகி, சென்டாக் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி தெரியாமல் இடத்தை இழக்கும் பிள்ளைகளுக்குத் துணை நிற்க வேண்டியது யார்? நாம்தான். மூலக்குளத்திலும் ரெட்டியார்பாளையத்திலும் கதிர்காமத்திலும் உள்ள தோழர்கள், தேர்வு முடிவு வரும் முன்பே அரசுப் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர் வீடுகளுக்குச் செல்லுங்கள். தாலுகா அலுவலகத்துக்கு அவர்களோடு நடங்கள். விண்ணப்பத்தை உடனிருந்து நிரப்புங்கள். இடம் கிடைத்தவர்க்குப் புத்தகமும் கட்டணமும் சேர உண்டியல் ஏந்துங்கள். கூட்டத்தில் தட்டும் கைதட்டலைவிட, ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தில் விடுபட்டுப்போன ஒரு சான்றிதழ் இயக்கத்துக்கு வலிமை தரும்.

கோடு கிழித்தவர் யார் என்று கேட்டோம். கையெழுத்துப் போட்டவர் கிழித்தார். கையெழுத்துப் போடும் நாற்காலியில் அவரை அமர்த்தியது உங்கள் வாக்கு. அந்த வாக்கைக் கேட்டு அடுத்த முறை உங்கள் தெருவுக்கு வருகிறவரை வாசலிலேயே நிறுத்துங்கள். நிறுத்தி, அவருக்கு ஒரு நுழைவுத் தேர்வு வையுங்கள். ஒரே வினா போதும்: “எங்கள் பிள்ளை நுழையும் வாசலை எப்போது திறப்பீர்?”

விடை சொல்லத் தெரியாதவருக்கு, நம் வீட்டு வாசலில், தகுதி இல்லை!